தம்பியின் மற்றப் போன்

1

இந்த வருடமும் நவம்பர் முதலாம் திகதி இவருடைய கல்லறைக்குப் போனேன். இவர் என்றால் என் கணவர். இறந்து ஆறு வருடமாகிறது. எங்கள் மாநிலத்தில் அன்று விடுமுறை. ஹம் நகரத்துச் சேமக்காலையில் கல்லறைகளுக்கிடையே நடக்க இடமிருக்காது. ஜெர்மன்காரர் பூச்சாடியும் சிவப்புக் கூட்டுக்குள் எரிகிற மெழுகுதிரியும் கொண்டு வருவார்கள். யாரும் யாரோடும் கதைப்பதில்லை, தலையை மட்டும் ஆட்டுவார்கள். முப்பத்தொரு வருடத்தில் நானும் நன்றாகத் தலையாட்டப் பழகிவிட்டேன்.

இவருக்குப் பக்கத்துக் கல்லில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. "உரியவர்கள் நிர்வாகத்துடன் தொடர்புகொள்ளவும்." ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். இங்கே கல்லறை சொந்தமில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு எடுப்பது. முடிந்ததும் நீட்டித்தரச் சொல்லி அன்ட்ராக் போட வேண்டும், அதாவது விண்ணப்பம். போட ஆளில்லாவிட்டால் கல்லைக் கிளப்பிவிட்டுப் புல் விதைப்பார்கள். இவரை அடக்கம் செய்த கிழமை நான் அந்தப் படிவத்தில் கையெழுத்து வைத்தபோது, அலுவலகப் பெண் மிக மரியாதையாக, "உங்களுக்குப் பிறகு யார் பொறுப்பு?" என்று கேட்டாள். மகள் நத்தாலியின் பெயரைக் கொடுத்தேன். மனிதர் உயிரோடு இருந்த காலமெல்லாம் வாடகை வீட்டில் இருந்தார். செத்த பிறகும் அதே கதைதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருந்து போன வருடம் இதே கிழமையை நினைத்துக்கொண்டு வந்தேன். அதற்கு ஒரு மாதம் முந்தி, ஒரு நாட்டின் சனாதிபதி தன் கட்சியின் பாராளுமன்றத் தலைவர்களைக் கூட்டி வைத்துத் தேர்தலுக்குத் திட்டம் போட்ட இடத்தில் நானும் இருந்தேன். சிரிக்காதேங்கோ. உடம்பால் இல்லை, காதால் இருந்தேன். எந்தச் சனாதிபதி, எந்தத் தேர்தல் என்று மட்டும் கேட்க வேண்டாம், எழுதமாட்டேன்.

2

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தின் நிலக்கீழ் அறையில். சலவைப் பகுதி. காலை ஆறு மணிக்குத் தொடக்கம். நூறு பேருக்கு மேற்பட்டவர்களின் உடுப்பு ஒன்றாக வந்து விழும். எது யாருடையது என்று தெரிய, ஒவ்வொன்றின் உட்பக்கத்திலும் பெயர் எழுதிய சின்னத் துணிப்பட்டி இருக்கும். அந்தப் பட்டியைச் சூட்டு இயந்திரத்தில் வைத்து அழுத்தி ஒட்டுவதுதான் என் முக்கிய வேலை. நாற்பதாம் நம்பர் அறைக்காரியின் சட்டை அறுபதாம் நம்பருக்குப் போனால் அன்று முழுக்க அழுகைதான். அதனால் கவனமாகச் செய்வேன்.

ஒரு காதில் எப்போதும் போனின் ஒலிக்குமிழ் இருக்கும். மேற்பார்வைக்காரி பிறாவ் லேமன் அதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவாள். ஒருநாள் மட்டும், "ஸ்ரெல்லா, காலையிலேயே யாரோடு சண்டை?" என்று கேட்டாள். "சண்டையில்லை, சுகம் விசாரிக்கிறேன்" என்றேன். அவள் நம்பவில்லை.

யாரோடு கதைப்பேன் என்றால், ஊரோடு. எங்கள் ஊர் மன்னார்க் கரையில் அறுபத்திச் சொச்சம் வீடு. சண்டைக் காலத்தில் எல்லோரும் சிதறி, ஒருவர் இருக்கும் இடம் மற்றவருக்குத் தெரியாமல் போனபோது, ஜெர்மனியில் இருந்த நான் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். இன்னார் இந்த முகாமில், இன்னாருடைய பிள்ளை இந்த ஆஸ்பத்திரியில். தெரியாததைத் தெரியாது என்று சொல்வேன். தெரிந்ததை உள்ளபடி சொல்வேன், செத்த செய்தியையும்கூட. அப்படித்தான் "ஸ்ரெல்லா சொன்னா சரி" என்ற பேர் வந்தது. என்னிடம் வேறு சொத்துப் பத்து ஒன்றும் இல்லை.

தம்பி அன்ரன் என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவன். அப்பா செங்கண்மாரி நோயில் செத்தபோது அவனுக்கு நாலு வயது, எனக்குப் பதினேழு. அடக்கத்தின்போது என் தோளில் நித்திரை. இப்போது பாராளுமன்ற உறுப்பினர். சனாதிபதியின் கட்சியில் எங்கள் மாவட்டத்துக்கு அவன்தான் தலைவர். எனக்குக் கட்சி பிடிக்காது, தம்பியைப் பிடிக்கும். அவனிடம் இரண்டு போன் உண்டு. ஒன்று கட்சிப் போன். மற்றது குடும்பப் போன், அதன் இலக்கம் அம்மாவுக்கும் எனக்கும் இன்னும் சிலருக்கும்தான் தெரியும்.

3

அது ஒரு செவ்வாய்க்கிழமை. இங்கே காலை ஏழே கால், கொழும்பில் பத்தே முக்கால். தம்பி குடும்பப் போனில் எடுத்தான். அம்மாவின் கண்ணைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். பாதியில், "அக்கா, உள்ள கூப்பிடுறாங்கள், பேந்து எடுக்கிறன்" என்றான். எடுப்பதென்றால் முதலில் போனை வைக்க வேண்டுமல்லவா? அவன் வைக்கவில்லை. கட்சிப் போனை வாசலில் கொடுத்துவிட்டு, மற்றதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போயிருக்கிறான்.

துணி உரசுகிற சத்தம் கேட்டது. கதிரைகள் இழுபட்டன. பிறகு எல்லோரையும் இருக்கச் சொல்லி ஒரு குரல். தொலைக்காட்சியில் நூறு தரம் கேட்ட குரல். நான்தான் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அதற்கு நியாயம் சொல்லப்போவதில்லை.

கூட்டம் சிங்களத்தில். நாங்கள் இடம்பெயர்ந்து நீர்கொழும்பில் இருந்தபோது மூன்று வருடம் கருவாடு காயவிடும் வாடியில் வேலை செய்தேன். அங்கே படித்த சிங்களம் எனக்குள் கிடந்திருக்கிறது. இவ்வளவு வருடம் படித்த ஜெர்மனில் இன்றைக்கும் சறுக்குகிறேன், அது சறுக்கவில்லை.

பெரியவர் அதிகம் பேசவில்லை. ஒவ்வொரு மாவட்டமாகக் கேட்டுக்கொண்டு போனார். ஒருவர் தன் பக்கத்தில் நெல் விலைதான் பிரச்சினை என்றார். இன்னொருவர், பஸ்ஸில் ஏற்றி வரும் சனத்துக்குப் பணிஸ் கொடுத்தால் அடுத்த கூட்டத்துக்கு வராது, சோறுதான் கொடுக்க வேண்டும் என்றார். இதில் ஐந்து நிமிடம் வாக்குவாதம். கடைசியில் பெரியவர் "சோறு" என்றார். யாரோ எழுதிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நாடு ஆள்வது இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டு ஒரு பிஜாமாவில் பெயர் ஒட்டினேன்.

பிறகு தம்பியின் முறை. இவ்வளவு நல்ல சிங்களம் கதைப்பான் என்று எனக்குத் தெரியாது. ஒரு கணம் பெருமையாகவும் இருந்தது.

எங்கள் ஊரில் இராணுவம் பிடித்த வீடுகளை விட்டுவிட்டார்கள், சேமக்காலையை விடவில்லை. அது இன்னும் அவர்களுடைய முகாமின் வேலிக்குள் இருக்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் விடுவோம் என்பார்கள். தம்பி சொன்னான்: "நிரந்தரமாக விட வேண்டிய தேவையில்லை. நவம்பர் இரண்டாம் திகதி கத்தோலிக்கர் இறந்தவர்களை நினைக்கிற நாள். அன்று ஒரு நாள் கதவைத் திறந்தால் போதும். விட்டுவிட்டார்கள் என்று சனம் தானே நினைத்துக்கொள்ளும். வாக்கெடுப்புக்கு அப்போது இரண்டு கிழமைதான் இருக்கும்."

"நினைக்காவிட்டால்?" என்று யாரோ கேட்டார்கள்.

"என் அக்கா ஜெர்மனியில் இருக்கிறார். எங்கள் ஊர் அவருடைய சொல்லை நம்பும். அவருடைய குரலில் ஒரு செய்தி போனால் காணும்."

தேநீர்க் கோப்பையில் கரண்டி தட்டுப்பட்டது. பிறகு பெரியவரின் குரல்: "அந்தச் சேமக்காலையில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?"

"என் அப்பா."

"அப்படியானால் கதவை நீங்களே திறவுங்கள். நீங்களே பேசுங்கள்."

அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டார்கள். எங்கள் ஊருக்கும் அப்பாவுக்கும் சேர்த்து நாலு நிமிடம் பிடித்தது.

அப்போதுதான் வைத்தேன். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அன்று ஒரு கிழவியின் கம்பளிச் சட்டையில் இன்னொருத்தியின் பெயரை ஒட்டிவிட்டேன். பன்னிரண்டு வருட வேலையில் அதுதான் முதல் தரம்.

4

அன்று மாலையே தம்பி எடுத்தான்.

"அக்கா, ஒரு நல்ல செய்தி. சேமக்காலைக் கதவைத் திறக்கினம். நீங்கள் உங்கட குரலில ஒரு செய்தி போட்டு ஊருக்கு அனுப்பிவிடுங்கோ. ரெண்டு நிமிசம் காணும்."

"ஒரு நாளைக்கோ, நெடுகவோ?"

"திறக்கினம் அக்கா. திறக்கிறதுதானே முக்கியம்."

சின்ன வயதில் சீனி களவெடுத்துத் தின்றுவிட்டு, "போத்தல் மூடித்தானே இருக்கு" என்பான். அதே குரல். "யோசிச்சுச் சொல்லுறன்" என்று வைத்தேன்.

இது புதுப் பழக்கமில்லை. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் வெளிநாட்டுக் குரல் வேண்டும். பாரிசில் இருக்கும் மாமாவும் லண்டனில் இருக்கும் சித்தப்பாவும் இன்னாருக்குப் போடு என்று ஊருக்குச் சொல்வார்கள். நாங்கள் குளிரில் இருந்துகொண்டு வெயிலில் நிற்பவர்களுக்குப் புத்தி சொல்வோம். நான் மட்டும் இதுவரை அப்படிச் செய்ததில்லை.

அம்மாவுக்கு எடுத்தேன். எண்பத்திரண்டு வயது, கண் இரண்டும் மங்கல். மச்சாள் பிலோமினாதான் கூட இருந்து பார்க்கிறாள்.

"தம்பி சொன்னவன் பிள்ளை, கதவு திறக்கினமாம்" என்றாள் அம்மா. "இனி எனக்கொரு கவலையில்லை. நான் செத்தா கொப்பருக்குப் பக்கத்தில கொண்டுபோய் வையுங்கோ. அந்தப் பூவரசுக்குக் கீழ."

ஒரு நாள் திறந்து பூட்டுகிற கதவுக்குள் அம்மாவைக் கொண்டுபோய் அப்பாவுக்குப் பக்கத்தில் எப்படி வைப்பது? அவள் அந்த ஒரு நாளில் செத்தால்தான் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை நத்தாலி எடுத்தாள். ஸ்டுட்கார்ட்டில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. கிழமைக்கு ஒரு தரம், இருபது நிமிடம். நான் தமிழில் கதைப்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள், இருவருக்கும் பழகிவிட்டது. நடந்ததை எல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா, மற்றவர்களுடைய உரையாடலை ஒளித்திருந்து கேட்டது பிழை. டாட்டன்ஷுட்ஸ்" என்றாள். தனிநபர் தகவல் பாதுகாப்பாம். நான் ஒரு நாட்டின் தலைவிதியைச் சொல்கிறேன், பிள்ளை எனக்குச் சட்டம் படிப்பிக்கிறாள். யாரை நோவது? வளர்த்தது நான்தானே.

பிறகு கேட்டாள்: "தாத்தாவுக்கு அங்கே எத்தனை வருடம் எழுதியிருக்கிறது?"

"அங்க வருசக் கணக்கில்லை. நெடுகத்தான்."

பிறகு தமிழில், சொல்லுக்குச் சொல் தேடி, "அப்ப ஏன் அம்மா ஒரு நாள்?" என்றாள்.

அவள் தமிழில் முழு வசனம் சொல்லி எத்தனையோ மாதம்.

5

அடுத்த நாள் வேலை முடிந்து உடுப்பு மாற்றும் அறையில் இருந்து பதிவு செய்தேன். இரண்டு நிமிடம்கூட வரவில்லை.

"நான் ஸ்ரெல்லா, ஹம்மில இருந்து. நவம்பர் ரெண்டாம் திகதி சேமக்காலைக் கதவு திறக்கினம். ஒரு நாளைக்குத்தான். நெடுக எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ. வெறும் மெழுகுதிரியோட போகாதேங்கோ, மண்வெட்டியோட போங்கோ. செய்யக் கிடக்கிறதை அண்டைக்கே செய்து முடியுங்கோ. வோட்டு உங்கட விருப்பம்."

தம்பிக்கு அனுப்பவில்லை. கொப்பியில் உள்ள வீடுகளுக்கு ஒவ்வொன்றாக அனுப்பினேன். அது சுற்றி அவனிடம் வர ஒரு மணித்தியாலம் எடுத்தது.

"அக்கா, என்ன வேலை செய்து வைச்சிருக்கிறியள்! என்ர தலையில மண்ணை அள்ளிப் போட்டிட்டியளே!"

"நான் பொய் சொன்னனானோ?"

"ஒரு நாள் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"நீதான்."

"நான் எப்ப சொன்னனான்?"

"போன செவ்வாய்க்கிழமை. பெரியவருக்குச் சொன்னனி. குடும்பப் போனை வைக்க மறந்திட்டாய்."

போனை வைத்துவிட்டான். இந்த முறை மறக்கவில்லை.

அதன் பிறகு மூன்று கிழமை அவன் எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் பதிலில்லை. நாலு வயதில் இருந்து இடுப்பில் சுமந்த பிள்ளை. ஊரில் இருந்து வேறு ஒரு கதை வந்தது: குழப்பம் வரும் என்று கதவு திறப்பதையே நிறுத்தப்போகிறார்களாம். அம்மா என்னோடு கோபித்துக்கொண்டாள்.

"நீ வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் பிள்ளை. ஒரு நாளெண்டாலும் நாள்தானே. இப்ப அதுவும் இல்லையெண்டா நான் கொப்பரை எப்ப பாக்கிறது?"

உண்மை சொன்னேன் என்று நிமிர்ந்து நிற்க ஹம்மில் இடம் தாராளமாக இருக்கிறது. கதவு திறக்காவிட்டால் வெறுங்கையோடு நிற்கப்போவது அம்மா. அந்த மூன்று கிழமையும் சாப்பாடு இறங்கவில்லை. பிறாவ் லேமன் டொக்டரிடம் டெர்மின், அதாவது நேரம், எடுக்கச் சொன்னாள். முதல் நாள் கிடைப்பது சனவரியில் என்றார்கள்.

6

கதவைத் திறந்தார்கள். மனம் இளகி இல்லை. சுவரொட்டி அடித்து முடிந்துவிட்டதாம், பிலோமினா சொன்னாள். தம்பியின் படத்தோடு.

அங்கே பகல் பன்னிரண்டு மணி, இங்கே காலை ஏழரை. நான் அதே அறையில், அதே இயந்திரத்துக்கு முன்னால். பிலோமினா வீடியோவில் காட்டினாள். வாசலில் மேடை, வெள்ளைத் துணி, ஒலிபெருக்கி. மேடைக்கு முன்னால் போட்ட கதிரைகளில் ஒருவரும் இல்லை. சனம் முழுக்க உள்ளே நின்றது. மண்வெட்டி, கத்தி, சீமெந்துப் பை, சுண்ணாம்பு வாளி. பெயர் எழுதிய பலகைகளைத் தலையில் சுமந்து வந்திருந்தார்கள். மேசன் வேலை தெரிந்த நாலு பேர் வரிசையாகக் கல்லறை கட்டிக்கொண்டு போனார்கள். ஆறு மணிக்குப் பூட்டுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அம்மாவைக் கதிரையோடு தூக்கி வந்திருந்தார்கள். மடியில் புதுச் சிலுவை, அப்பாவின் பெயர் வெள்ளைப் பெயின்றில். அவள் பூவரசைக் கேட்டாள். பூவரசு இல்லை. தறித்து, மண்ணை மட்டமாக்கிவிட்டிருந்தார்கள். அம்மா அந்த ஒரு மரத்தைத்தான் அடையாளமாக வைத்திருந்தவள். "எங்கயெண்டு தெரியேல்லையே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்த நேரம் ஒலிபெருக்கியில் தம்பி பேசத் தொடங்கினான். "என் அப்பா இங்கேதான் உறங்குகிறார்" என்று கையை நீட்டினான். வடக்கு மதில் பக்கம் காட்டினான். அங்கே எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை. அந்தப் பக்கம் அம்மை வந்து செத்தவர்களைப் புதைத்த இடம்.

அம்மாவுக்குக் கண் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். "எந்தப் பக்கமடி காட்டுறான் இவன்?" என்று பிலோமினாவைக் கேட்டாள். வடக்கு மதில் என்றாள் பிலோமினா. அம்மா எழும்பப் பார்த்து, ஏலாமல் இருந்தபடியே கத்தினாள்.

"டேய் அன்ரன்! அதுவோடா கொப்பர்?"

மண்வெட்டிகள் நின்றன. அன்றைக்கு முதல் தரமாக எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். தம்பியின் கை நீட்டியபடியே நின்றது. பிறகு படம் உறைந்து, தொடர்பு அறுந்துவிட்டது.

நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து என் போன் அடித்தது. குடும்பப் போன்.

"அக்கா."

"சொல்லு."

பின்னால் சனத்தின் சத்தம் கிட்டவாகக் கேட்டது. மேடையால் இறங்கிவிட்டான் போல.

"அக்கா, அப்பா எங்க?"

நாற்பத்தைந்து வயது ஆம்பிளை. குரல் அப்படியே நாலு வயது.

"கிணறு இருக்கோ?"

"ஓம், இருக்கு. முகாம்காரர் சீமெந்தால கட்டி வைச்சிருக்கினம்."

அப்பா செத்த வருடம் அவருடைய தலைமாட்டில் நான் பட்டிப்பூ நட்டேன். ஒவ்வொரு மாலையும் அந்தக் கிணற்றில் அள்ளி ஊற்றுவேன். தூரம் காலுக்குத் தெரியும்.

"கிணத்துக்கு முதுகைக் குடுத்து, கடலைப் பாத்து நில்லு."

"நிக்கிறன்."

"பதினெட்டு எட்டு. உன்ர காலால இல்லை. பதினேழு வயசுப் பெட்டை, கையில தண்ணி வாளி. சின்ன எட்டா வை."

அவன் எண்ணத் தொடங்கினான். பதினொன்றில் நின்றுவிட்டான். பக்கத்தில் அம்மாவின் குரல் "பன்னிரண்டு" என்றது. இருவருமாக எண்ணி முடித்தார்கள்.

"இதிலயோ அக்கா?"

"அதிலதான்."

யாரிடமோ மண்வெட்டி கேட்டு வாங்கினான். நிலத்தில் அது விழுகிற சத்தம் மூன்று நாலு தரம் கேட்டது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு போனுக்குக் கிட்ட வந்தான்.

"அக்கா, போனை வைச்சிடாதேங்கோ."

பிறாவ் லேமன் கதவில் வந்து நின்று என் காதைக் காட்டினாள். நான் தலையாட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் கூடையில் இருந்த உடுப்பில் பாதியை எடுத்துக்கொண்டு போனாள். அங்கே ஆறு மணிக்குக் கதவைப் பூட்டும்வரை நான் போனை வைக்கவில்லை.